விறகு பாய்லர் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தடுப்பது எப்படி?

எண்ணூர், அத்திப்பட்டு, மணலி பக்கம் பாய்லர் என்றால் உடனே நினைவுக்கு வருவது அனல்மின் நிலையமும் பெரிய தொழிற்சாலைகளும்தான். ஆனால் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரத்து வீடுகளிலும் பண்ணைகளிலும் சிறிய பாய்லர்கள் ஏராளமாக உள்ளன. குளிக்க வெந்நீர் போடும் செம்பு பாய்லர், மாடித் தொட்டியோடு இணைத்த ஸ்டீல் விறகு கீசர், பால் பாத்திரம் கழுவ வெந்நீர் தரும் டிரம், காளான் படுக்கைக்கு வைக்கோல் அவிக்கும் டிரம், நெல்லும் மஞ்சளும் வேகவைக்கும் நீராவிக் கலன் எல்லாம் இந்த வகைதான்.

தொழிற்சாலை பாய்லருக்கும் வீட்டு பாய்லருக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அங்கே நீர்மட்டத்தையும் அழுத்தத்தையும் கவனிக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள் இரவு பகலாக இருக்கிறார்கள். சட்டப்படி ஆய்வும் நடக்கிறது. 1923ஆம் ஆண்டு கொதிகலன் சட்டத்திலும் அதற்குப் பதிலாக 2025இல் வந்த புதிய சட்டத்திலும் 25 லிட்டருக்குக் குறைந்த கலன்கள், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறைந்த அழுத்தத்தில் இயங்குபவை, 100 டிகிரி செல்சியசுக்குக் கீழே தண்ணீரைச் சூடாக்குபவை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதாவது உங்கள் வீட்டு பாய்லரைப் பார்க்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அதை நீங்களேதான் சோதிக்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

ஏன் அளவுக்கு மீறிச் சூடாகிறது?

மின்சார கீசரில் தண்ணீர் சூடானதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்திவிடும். விறகுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. அடுப்பில் போட்ட விறகு, தண்ணீர் போதுமான அளவு சூடான பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். எரிந்து முடிந்தபின் தணலும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் வரை சூட்டைக் கொடுக்கும். இந்தச் சூடு மூன்று வழிகளில் ஒன்றில்தான் போக முடியும்: நீங்கள் பிடிக்கும் வெந்நீரோடு போக வேண்டும், அல்லது ஆவியாகத் திறந்த குழாய் வழியே போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் கலனைப் பிளந்துகொண்டு போகும்.

பாதுகாப்பு முறைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: பாய்லரில் தீ இருக்கும்வரை உள்ளே தண்ணீர் இருக்க வேண்டும், சூடு வெளியேற ஒரு வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

மூடிய கலனில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 100 லிட்டர் தண்ணீர் மூடிய கலனில் 120 டிகிரி வரை சூடானால் உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு சுமார் ஒரு கிலோ அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் கலன் பிளந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் நொடிப்பொழுதில் நீராவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 லிட்டர் இடத்தை அடைக்கும். ஆக, ஒரு டிராக்டர் தண்ணீர் டேங்கர் அளவுக்கு, ஏறத்தாழ 5,500 லிட்டர் ஆவி ஒரே நொடியில் உங்கள் குளியலறைக்குள் வெடித்துப் பரவும். மீதித் தண்ணீர் கொதிநிலையில் சிதறும்.

விறகை அளந்து போடுங்கள்

அளவுக்கு மீறிய சூட்டைத் தடுக்கச் செலவில்லாத வழி இது. நன்கு காய்ந்த ஒரு கிலோ விறகில் சுமார் 3,500 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. சாதாரண வீட்டு பாய்லரில் அதில் 40 சதவீதம் தண்ணீருக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மீதி புகையோடு போய்விடும். அப்படிப் பார்த்தால் ஒரு கிலோ விறகு 1,400 கிலோ கலோரி பயன் தருகிறது.

- 100 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர: சுமார் 2.3 கிலோ விறகு
- அதே தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர: சுமார் 5 கிலோ விறகு
- கொதித்த பிறகு போடும் ஒவ்வொரு கிலோ விறகும்: சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும்

25 லிட்டர் செம்பு பாய்லருக்கு இதில் கால் பங்கு, அதாவது அரை கிலோவைவிடக் கொஞ்சம் அதிகம் போதும். உங்கள் பாய்லர் பழையதா புதியதா, விறகு காய்ந்ததா ஈரமா என்பதைப் பொறுத்து இந்த அளவு சற்று மாறும். ஒரு வாரம் தராசில் நிறுத்துப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை கட்டை போதும் என்பது கைக்குப் பழகிவிடும். குளிக்க 40 டிகிரி சூடு போதும். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில் இதை மறக்க வேண்டாம்.

எந்த விறகு என்பதும் முக்கியம். நம் கடற்கரைப் பகுதியில் அதிகம் கிடைக்கும் சவுக்கும் சீமைக் கருவேலமும் நின்று எரியும். தணலும் நீண்ட நேரம் இருக்கும். ஆகவே தண்ணீர் தேவையான சூட்டை எட்டுவதற்குச் சற்று முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். தென்னை மட்டை, கொட்டாங்கச்சி போன்றவை குபீரென்று பற்றி எரியும். அடுப்பு வாய் நிறைய அடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள்.

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் துறைமுகத்திலிருந்து வரும் பழைய பேக்கிங் கட்டைகளும் பேலட் பலகைகளும் மலிவாகக் கிடைக்கும். இவை மெல்லியவை, எலும்பாகக் காய்ந்தவை. சவுக்குக் கட்டை போடும் அளவுக்கு இவற்றை ஒரே நேரத்தில் போட்டால் சூடு பல மடங்கு வேகமாக ஏறும். வெளிநாட்டிலிருந்து வரும் பேலட்டுகளில் முத்திரை இருக்கும். அதில் 'எச்.டி.' என்று இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்டது. 'எம்.பி.' என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சு வாயு செலுத்தப்பட்டது. அதை அடுப்பில் வைக்கவே கூடாது. பெயிண்ட் அடித்தது, எண்ணெய் ஊறியது, பிளைவுட் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

செம்பு, பித்தளை பாய்லர்

நடுவில் நெருப்புக் குழாயும் சுற்றிலும் தண்ணீரும் உள்ள பழைய பாய்லர், சரியாகப் பயன்படுத்தினால் மிகவும் பாதுகாப்பானது. தண்ணீர் ஊற்றும் புனல் வாய் திறந்தே இருப்பதால் உள்ளே அழுத்தம் சேராது. இதில் ஆபத்து இரண்டு வகையில் வருகிறது.

முதலாவது, புனல் வாயை மூடிவிடுவது. தூசி விழாமல் இருக்க மூடி போட்டு இறுக்குவது, துணி சுற்றி அடைப்பது, புனலைக் கழற்றிவிட்டு நேராகக் குழாய் இணைத்து வால்வு போடுவது எல்லாமே தவறு. தளர்வான தட்டு ஒன்றை மேலே வைத்தால் போதும்.

இரண்டாவது, தண்ணீர் இல்லாமல் தீ எரிவது. தண்ணீர் இருக்கும்வரை உலோகத்தின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றினால் சில நிமிடங்களில் பல நூறு டிகிரிக்குப் போய்விடும். இணைப்பில் வைத்துள்ள ஈயப் பற்று 200 டிகிரிக்குள்ளேயே உருகத் தொடங்கும். பிறகு எவ்வளவு பற்றவைத்தாலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். எனவே தீ மூட்டுவதற்கு முன் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அடியில் குழாய் வைத்த பாய்லராக இருந்தால், ஒரு வாளி வெந்நீர் எடுத்தால் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை வீட்டில் எல்லாருக்கும் பழக்கமாக்குங்கள்.

மாடித் தொட்டியோடு இணைத்த விறகு கீசர்

இப்போது அதிகம் விற்பனையாவது இந்த வகை. விபத்துக்கு வாய்ப்பும் இதில்தான் அதிகம். காரணம், இதில் தண்ணீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் குழாய் வழியாகத்தான். குழாய்களையும் வால்வையும் மூடிவிட்டால் இது மூடிய கலனாகிவிடும்.

100 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் 103 லிட்டராக விரியும். அந்த மூன்று லிட்டர் எங்காவது போயாக வேண்டும். சாதாரணமாக அது குளிர்நீர்க் குழாய் வழியே மேல் தொட்டிக்குத் திரும்பும். குளிர்நீர்க் குழாயில் யாராவது கேட் வால்வை மூடினாலோ, பிளம்பர் தண்ணீர் திரும்பாமல் இருக்க என்.ஆர்.வி. எனும் ஒருவழி வால்வைப் போட்டிருந்தாலோ அந்த வழி அடைபட்டுவிடும்.

இதற்குத் தீர்வு காற்றுக் குழாய். சிலர் ஏர் வென்ட் என்பார்கள். அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பாய்லரின் உச்சியிலிருந்து, அல்லது வெந்நீர்க் குழாய் கிளம்பும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.
2. மேல் தொட்டியின் அதிகபட்ச நீர்மட்டத்தைவிடக் குறைந்தது இரண்டு அடி உயரம் போக வேண்டும். சூடான நீர் எடை குறைந்தது என்பதால் குழாயில் சற்று மேலே ஏறி நிற்கும். அதற்குத்தான் இந்த உயரம்.
3. ஒரு அங்குலத்துக்குக் குறையாத ஜி.ஐ. குழாயாக இருக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. குழாய் 60 டிகிரியிலேயே இளகிவிடும்.
4. வழியில் வால்வு, டேப், மூடி எதுவும் இருக்கக் கூடாது. குழாய் எங்கும் கீழ்நோக்கித் தொங்கவும் கூடாது.
5. மேல்முனையைக் கீழ்நோக்கி வளைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத பக்கம் திருப்புங்கள். பிளாஸ்டிக் தொட்டிக்குள் நேராக விட வேண்டாம். கொதிநீர் விழுந்தால் தொட்டி இளகும். குருவி, குளவி கூடு கட்டாமல் இருக்க பெரிய கண்ணுள்ள கம்பி வலை போடலாம். துணி கட்டக் கூடாது.

இதோடு சேஃப்டி வால்வும் ஒரு வெப்பமானியும் பொருத்துவது நல்லது. ஆனால் மின்சார கீசருக்கு விற்கும் சேஃப்டி வால்வை வாங்கி மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். அது பல கிலோ அழுத்தம் ஏறிய பிறகுதான் திறக்கும். மெல்லிய தகட்டில் செய்த விறகு கீசர் அதுவரை தாங்காது. உங்கள் கீசர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கேட்டு, அதற்குக் குறைவாகத் திறக்கும் வால்வாக வாங்குங்கள். சேஃப்டி வால்வு இருந்தாலும் காற்றுக் குழாய் கட்டாயம்.

தினமும் தீ மூட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். மேல் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்து தண்ணீர் தடையில்லாமல் வருகிறதா என்று பாருங்கள். மின்தடையால் மோட்டார் போட முடியாமல் தொட்டி காலியாக இருந்தால் அன்று தீ மூட்ட வேண்டாம்.

உப்பு நீர் தரும் தொல்லை

மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரை அதிகமாக எடுத்ததால் கடல்நீர் நிலத்துக்குள் புகுந்தது 1960களின் இறுதியிலிருந்தே பதிவாகியுள்ளது. இங்கு பல ஆழ்துளைக் கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். இந்த நீர் பாய்லரை இரண்டு விதத்தில் கெடுக்கிறது.

ஒன்று, உப்புப் படிவம். சுண்ணாம்பு போல உள்பக்கம் படியும் இந்த அடுக்கு, இரும்பைவிடப் பல மடங்கு குறைவாகவே சூட்டைக் கடத்தும். நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தகட்டிலேயே தங்கிவிடும். தண்ணீர் சூடாக நேரமாகிறதே என்று நாம் இன்னும் விறகு போடுவோம். தகடு மேலும் சூடேறி வளையும், விரிசல் விடும். முன்பு அரை மணியில் சூடான தண்ணீர் இப்போது முக்கால் மணி எடுக்கிறது என்றால், பாய்லருக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம் வருகிறது என்றால், படிவம் ஏறிவிட்டது என்று பொருள்.

இரண்டு, அரிப்பு. உப்பு நீரில் உள்ள குளோரைடு, 304 ரக ஸ்டீலில்கூட வெல்டிங் ஓரங்களில் ஊசித்துளை போடும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது' என்ற பேச்சை நம் பகுதியில் முழுதாக நம்ப வேண்டாம்.

செய்ய வேண்டியவை: பாய்லருக்கு முடிந்தவரை மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ பயன்படுத்துங்கள். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் கட்டாயமாக உள்ளது. கூரை நீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருந்தால் பாய்லருக்கும் உதவும். மாதம் ஒரு முறை, பாய்லர் ஆறியபின் அடிக்குழாயைத் திறந்து வண்டலை வெளியேற்றுங்கள். செம்பு பாய்லருக்குப் புளிக்கரைசல் போதும். ஸ்டீல் பாய்லருக்கு எலுமிச்சை உப்பு எனும் சிட்ரிக் அமிலத்தை 20 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ வீதம் கலந்து சில மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றக் கூடாது. அது தகட்டையே தின்றுவிடும்.

காளான் டிரம், நீராவிக் கலன்

காளான் படுக்கைக்கு வைக்கோலை அவிக்க அழுத்தம் தேவையே இல்லை. சூடும் நேரமும்தான் தேவை. எனவே 200 லிட்டர் டிரம்மின் மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்கக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூடி, மேலே ஆவி போக இடம் விடுங்கள். காளான் தாய்வித்து தயாரிக்க 121 டிகிரி வேண்டும். அதற்கு முறையான ஆட்டோகிளேவ்தான் தேவை, டிரம்மில் முயலவே கூடாது. தொழிற்பேட்டைப் பகுதியில் கிடைக்கும் பழைய ரசாயன டிரம்களை எதற்கும் பயன்படுத்தாதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் மிச்சம் தீயில் வெடிக்கலாம், நஞ்சாகவும் மாறலாம்.

நெல், மஞ்சள் வேகவைக்கும் நீராவி பாய்லரில் நீர்மட்டக் கண்ணாடி, அழுத்தமானி, சேஃப்டி வால்வு மூன்றும் வேலை செய்ய வேண்டும். வாடகைக்கு எடுத்தாலும் இந்த மூன்றையும் பார்த்த பிறகே தீ மூட்டுங்கள். சேஃப்டி வால்வில் ஆவி கசிகிறது என்று அதன்மேல் கல் வைப்பதோ கம்பி கட்டுவதோ உயிரோடு விளையாடுவதாகும். அதிக அழுத்தத்தில் இயங்கும் பாய்லர் என்றால் சட்டப்படி பதிவும் ஆய்வும் வேண்டும். அதற்குத் தமிழ்நாடு கொதிகலன்கள் இயக்ககத்தை அணுக வேண்டும்.

சூடு மீறிவிட்டால் என்ன செய்வது?

அறிகுறிகள்: குழாயில் தண்ணீருக்குப் பதில் ஆவி சீறுவது, பாய்லருக்குள் இடிப்பது போன்ற சத்தம், காற்றுக் குழாயில் கொதிநீர் கொட்டுவது, பெயிண்ட் கருகும் வாடை.

*உள்ளே தண்ணீர் இருப்பது உறுதி என்றால், காற்றுக் குழாயில் நீர் கொட்டும்போது:*

1. குழந்தைகளை அப்புறப்படுத்துங்கள்.
2. சாம்பல் தட்டையும் அடுப்பு வாயையும் மூடிக் காற்றை நிறுத்துங்கள். எளிதாக இழுக்க முடிந்த கட்டைகளை மட்டும் இடுக்கியால் வெளியே எடுத்து மண்ணில் புதையுங்கள்.
3. ஓரமாக நின்று வெந்நீர்க் குழாயை மெதுவாகத் திறந்து வெந்நீரை வடியவிடுங்கள். மேல் தொட்டியிலிருந்து குளிர்நீர் தானாக வந்து சேரும்.
4. எரியும் அடுப்பிலும் சூடான தகட்டிலும் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

*தண்ணீர் வற்றிவிட்டது என்று சந்தேகம் இருந்தால், அல்லது நீராவிக் கலனின் கண்ணாடியில் நீர்மட்டம் தெரியவில்லை என்றால்:*

எக்காரணம் கொண்டும் உள்ளே தண்ணீர் விடக் கூடாது. பழுக்கச் சூடேறிய தகட்டில் படும் தண்ணீர் அந்த நொடியே ஆவியாகிக் கலனைப் பிளக்கும். பதற்றத்தில் முதலில் கை போவது தண்ணீருக்குத்தான்; அதனால்தான் இதை முன்கூட்டியே வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வைக்க வேண்டும். அடுப்பின் காற்றை மூடிவிட்டு விலகி வந்துவிடுங்கள். அது தானாக ஆறட்டும். மறுநாள் ஒழுகல், வீக்கம், விரிசல் இருக்கிறதா என்று வெல்டரிடம் காட்டிய பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.

*காற்றுக் குழாயும் இல்லை, எல்லா வழியும் அடைபட்டிருக்கிறது, கலன் வீங்குகிறது என்றால்:* எதையும் தொடாமல் எல்லாரும் வெளியேறித் தீயணைப்புத் துறையை 101 எண்ணில் அழையுங்கள்.

வெந்நீரோ ஆவியோ பட்டுவிட்டால் 20 நிமிடம் ஓடும் சாதாரணத் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இட்லி மாவு, இங்க் எதுவும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*காற்றுக் குழாய் வழியாக ஆவி போனால் விறகு வீணாகாதா?*
சரியான அளவு விறகு போட்டால் அதில் ஆவியே வராது. ஆவி வருகிறது என்றால் விறகு அதிகமாகிவிட்டது என்று அது உங்களுக்குச் சொல்கிறது. அடைக்க வேண்டியது குழாயை அல்ல, குறைக்க வேண்டியது விறகை.

*இரவில் விறகு அடைத்துவிட்டுத் தூங்கினால் காலையில் வெந்நீர் தயாராக இருக்குமே?*
ஆள் இல்லாத நேரத்தில் தீ இருக்கக் கூடாது. மாலையில் சூடாக்கி, பாய்லரின் வெளிப்பக்கம் வெப்பக்காப்பு வைத்தால் காலைவரை வெதுவெதுப்பு நிற்கும். பாய்லரைக் குளியலறைக்குள் வைக்கவும் வேண்டாம். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையில்லாமல் ஆளைக் கொல்லும்.

*பாய்லரை எப்போது முழுதாகச் சோதிப்பது?*
புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன். ஐப்பசி முதல் தை வரை பாய்லர் தினமும் எரியும். அதற்குள் காற்றுக் குழாயில் மேலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி அடைப்பில்லாமல் இறங்குகிறதா என்று பாருங்கள். சேஃப்டி வால்வின் நெம்பைத் தூக்கிப் பாருங்கள். புகைபோக்கியில் கரியைத் தட்டுங்கள். வெல்டிங் ஓரங்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாகக் காளான் கொட்டகையோ பண்ணை வெந்நீர் அமைப்போ போடத் திட்டமிடும் திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள், வேலையைத் தொடங்குமுன் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெறலாம். ஏற்கெனவே விறகு கீசர் வைத்திருப்பவர்கள் இன்றே மாடிக்கு ஏறிக் காற்றுக் குழாய் இருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைப் போடும்வரை அடுப்பை மூட்டாதீர்கள்.